வில்லெடுத்த இராமன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

வில்லை வளைத்து நாணேற்றிய இராமனின் கதையை நாம் அனைவரும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் எழுத வந்திருப்பது வேறோர் இராமனைப் பற்றி. இவர் பிறந்தது அயோத்தியில் அன்று; நம் திருச்சியை அடுத்த திருவானைக்காவில். இவரும் வில்லைக் கையில் எடுத்தவர்தாம். ஆனால் இவர் எடுத்தது குதிரைவால் முடி கட்டிய வயலின் வில். அந்த வில் நாணைத் தொடும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்டறிய ஏறத்தாழப் பத்தாண்டுகள் செலவிட்டார். அவர்தாம் சர் சி. வி. இராமன்.

ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர் என்றுதான் நானும் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். சென்ற பிப்ரவரி 28 அன்று, தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் ஐந்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசுமாறு எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தபோது, அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அவர் வாழ்க்கையின் ஒரு பகுதி என் வீட்டுக்கு மிக அருகில் நடப்பது போல் இருந்தது. அந்தப் பகுதியையே இங்கே எழுதுகிறேன்.

கைலாசபுரத்தில் கேட்ட ஒலி

என் தாயார் கைலாசபுரம் குடியிருப்பில் நான்கு குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்கிறார். தந்தையார் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சிறு வயதில் விடுமுறை நாள்களில் அம்மாவோடு நானும் போவேன். ஒரு வீட்டில் வயதான மாமி ஒருவர் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுப்பார். நான் பாத்திரம் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மாமி வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். நாணை விரலால் அழுத்தாமல், பூவைத் தொடுவது போல் நடுவில் தொட்டு வில்லை இழுத்தார். குழலோசை போல் மெல்லிய ஒலி வந்தது. பின்பு விரலைச் சற்று நகர்த்தி, தலைப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தொட்டார். ஒலி இன்னும் மேலே போயிற்று. அதே இடத்தில் நாணை அழுத்திப் பிடித்து வாசித்தபோதோ ஒலி கீழே இறங்கியது. ஒரே இடம், ஒரே விரல். அழுத்தினால் ஒன்று, தொட்டால் ஒன்று. ஏன் என்று மாமியைக் கேட்டேன். அது அப்படித்தான் என்று சிரித்தார். அந்தக் கேள்வியோடுதான் நான் இயற்பியல் வகுப்புக்கு வந்தேன் என்று சொன்னால் பொய்யாகும். வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல்தான் வந்தேன். ஆனால் நிலை அலைகள் பாடம் நடந்த அன்று அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது.

விடை எளியது. அழுத்தினால் நாணின் நீளம் குறைகிறது. மூன்றில் ஒரு பங்கில் அழுத்தினால் மீதி மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அதிரும்; சட்சமம் பஞ்சமமாகிறது. ஆனால் மெல்லத் தொட்டால் நாண் முழுவதுமே அதிர்கிறது. தொட்ட இடம் அசையக் கூடாது. அது ஒரு கணு. ஆகவே நாண் மூன்று சம துண்டுகளாகப் பிரிந்து அதிர்கிறது. அதிர்வெண் மூன்று மடங்காகிறது. மேல் தாயியின் பஞ்சமம் கேட்கிறது. நான்கில் ஒரு பங்கில் அழுத்தினால் மத்திமம்; தொட்டால் இரண்டு தாயி மேலே சட்சமம். இவற்றையே இயற்கைச் சீரிசைகள் என்கிறோம். இந்த நாணைத்தான் இராமனும் ஆராய்ந்தார்.

இளமையும் வேலையும்

இராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர், இசையில் ஈடுபாடு கொண்டவர், வயலின் வாசிப்பார். தாயார் பார்வதி அம்மாள். 1892இல் தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைக்கவே, குடும்பம் அங்குச் சென்றது. பதினொரு வயதில் மெட்ரிகுலேசன் தேறிய இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலையும் 1907இல் முதுகலையும் முதன்மையாகத் தேறினார். மாணவராக இருக்கும்போதே, 1906இல், இங்கிலாந்தின் புகழ்பெற்ற தத்துவ இதழில் ஒளியின் விளிம்பு வளைவு பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இத்தகையவர் உடனே ஆய்வுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. அன்றைய இந்தியாவில் ஆய்வு செய்து பிழைக்க வழியில்லை. இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் கூறிவிட்டார். எனவே நிதித்துறைப் போட்டித் தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். 1907இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை வாசிக்கத் தெரிந்தவர். அதே ஆண்டில் கல்கத்தாவில் துணைக் கணக்காய்வு அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். கணக்குப் புத்தகங்களோடு அவர் வாழ்க்கை முடிந்திருக்கலாம்.

ஒரு நாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய கழகம் அது. கருவிகள் இருந்தன, ஆய்வு செய்ய ஆளில்லை. இராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே. அன்று முதல் விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம் என்று அவர் நாள்கள் கழிந்தன. இடையில் 1909இல் இரங்கூனுக்கும் 1910இல் நாகபுரிக்கும் மாற்றலானார். 1911இல் கல்கத்தா திரும்பினார். இந்தக் கழகத்தில்தான் நாணும் வில்லும் அவர் கைக்கு வந்தன.

வில் என்ன செய்கிறது?

நமக்குத் தெரிந்த வீணையில் நாணை ஒரு முறை மீட்டிவிட்டு விடுகிறோம். வயலினில் அப்படியன்று, வில் நாணை விடாமல் தேய்க்கிறது. தேய்ப்பது சீரான வேகத்தில். ஆயின் நாண் எப்படி அதிர்கிறது? குங்கிலியப் பொடி தடவிய வில்லின் முடி நாணைப் பற்றிக்கொண்டு தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஒரு கட்டத்தில் நாண் வழுக்கி விடுபட்டு விரைந்து திரும்புகிறது. உடனே வில் மீண்டும் பற்றுகிறது. பற்றல், வழுக்கல், பற்றல், வழுக்கல் என ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது.

செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை நுண்ணோக்கி வழியே கண்டார். வில்லால் தேய்க்கப்படும் நாண் வளைவாக அசைவதில்லை. எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகளாக இருக்கிறது. அவை சந்திக்கும் முனை ஒன்று நாண் நெடுக ஓடி ஓடித் திரும்புகிறது. முனை ஒரு சுற்று வருவதற்குள் ஒரு பற்றலும் ஒரு வழுக்கலும் முடிகின்றன. குதிரையிலிருந்து நாணின் பத்தில் ஒரு பங்கு தள்ளி வில்லை வைத்தால், ஒவ்வோர் அதிர்விலும் பத்தில் ஒரு பங்கு நேரமே வழுக்கல். மீதி நேரமெல்லாம் பற்றல்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டது ஒரு வகை அசைவு. முனை ஒன்றுதான் இருக்க வேண்டுமா, இரண்டு மூன்று இருந்தால் என்ன ஆகும் என்று இராமன் கேட்டார். முனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு நாணின் அசைவுகளை வகைப்படுத்தினார். ஒவ்வொரு வகையும் எந்தச் சூழ்நிலையில் தோன்றும் என்று கணக்கிட்டார். நாணின் அசைவை ஒளிக்கற்றை கொண்டு நகரும் புகைப்படத் தகட்டில் பதிவு செய்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இவையெல்லாம் சேர்ந்து 1918இல் கழகத்தின் 15ஆம் வெளியீடாக வந்தன. நூறாண்டு கடந்த பின்பும் வயலின் இயற்பியல் எழுதுவோர் அதிலிருந்துதான் தொடங்குகின்றனர்.

செல்லோ போன்ற பெரிய கருவிகளில் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஒலி உறுமித் தடுமாறும். மேல்நாட்டார் அதை ஓநாய்ச் சுரம் என்பர். அதன் காரணத்தையும் 1916இல் இராமன் விளக்கினார். அந்தச் சுரத்தில் மரப்பெட்டி ஒத்ததிர்வு கொண்டு நாணின் ஆற்றலைப் பேரளவில் உறிஞ்சிக்கொள்கிறது. நாணை அடக்கிப் பிடிக்க வில்லின் அழுத்தம் போதாமற் போகிறது. ஆகவே ஒலி மாறி மாறி எழுந்து விழுகிறது.

பின்பு, கையால் வாசித்தால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மாறிவிடுகிறது என்பதனால், 1920 வாக்கில் ஒரு வாசிக்கும் இயந்திரம் அமைத்தார். அதில் ஒரு வேடிக்கை. வில் அசையாமல் நின்றது; வயலின்தான் முன்னும் பின்னும் ஓடியது! அழுத்தத்தையும் வேகத்தையும் தாமே நிறுவி அளந்தார். வில் குதிரையை நெருங்க நெருங்க, நல்ல ஒலிக்குத் தேவைப்படும் அழுத்தம் விரைவாகக் கூடுகிறது என்று காட்டினார். மாமியின் மாணவிகள் கையில் வயலின் கிறீச்சிட்டதற்குக் காரணம் அங்கே எண்களாக இருந்தது.

நம் கருவிகளின் பக்கம்

வயலின் நமக்கு வந்த விருந்தாளி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதல்வர். இராமன் விருந்தாளியோடு நிற்கவில்லை, வீட்டுக்காரர்களையும் ஆராய்ந்தார்.

நாணை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு உடைய சீரிசை ஒலிக்காது என்பது விதி. தம்புராவிலும் வீணையிலும் இவ்விதி பொய்க்கிறது என்று 1921 ஆய்வில் அவர் காட்டினார். நாண் அவற்றின் அகன்ற, வளைந்த குதிரையின் மீது படிந்து விலகுவதே காரணம். தம்புராவின் குதிரைக்கும் நாணுக்கும் இடையே செருகும் நூலைச் சீவா என்கிறோமே, அந்தச் சீவன் சீரிசைகளின் பெருக்கம்தான். மிருதங்கத்தையும் அவர் விடவில்லை. சாதாரணத் தோற்கருவியின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, நடுவில் கரணை பூசிப் பூசித் தோலின் பாரத்தைக் கூட்டுவதனால், மேற்சுரங்கள் நாணின் சீரிசைகளைப் போலவே ஒழுங்குபெறுகின்றன. 1920இல் தொடங்கிய இந்த ஆய்வை 1934இல் விரிவாக வெளியிட்டார். ஏட்டறிவு இல்லாத எந்தக் கைவினைஞரோ காதாலேயே கண்டுபிடித்ததை இராமன் கண்ணுக்குக் காட்டினார்.

நான் செய்து பார்த்த சிறு சோதனை

இதையெல்லாம் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்துச் சுரமானியை எடுத்தேன். கம்பியை நொடிக்கு 100 அதிர்வுக்குச் சரிசெய்து, கைப்பேசிச் செயலியில் ஒலியை அளந்தேன். கோழியிறகால் ஐந்தில் ஒரு பங்கில் தொட்டு மீட்டினேன். ஐந்தாம் சீரிசை 500க்கு மிக அருகில் வந்தது. அது அந்தர காந்தாரம். ஆனால் ஆர்மோனியத்தில் ஒரு தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி வைத்திருப்பதால், அதே காந்தாரம் ஏறத்தாழ 504இல் இருக்கும். இரண்டையும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும். மூன்றாம் சீரிசையில் வேறுபாடு காதுக்கே தெரியாது: 300, அங்கே 299.7.

ஏழாம் சீரிசைதான் வியப்பு. அது 700. ஆர்மோனியத்தின் கைசிகி நிசாதம் ஏறத்தாழ 713. பாடகர் பாடும் நிசாதம் 711 அல்லது அதற்கும் மேல். இந்த 700 எந்த இராகத்திலும் உட்காராது. கருவி பிழையா, கம்பி பிழையா என்று மூன்று முறை அளந்தேன். இரண்டும் இல்லை. ஏழாக மடங்கிய கம்பி அப்படித்தான் ஒலிக்கும். அது இயற்கையானது, பிழையற்றது, ஆனால் நம் சுரவரிசையில் அதற்கு இடமில்லை.

இங்கு இன்னொன்றும் கண்டேன். கம்பி விறைப்பானது, ஆகவே மீட்டும்போது உயர்ந்த சீரிசைகள் சரியான மடங்கைவிடச் சிறிது ஏறி நிற்கின்றன. முழு நாணை வில்லால் தேய்க்கும்போதோ, ஒரே பற்றலும் வழுக்கலும் எல்லாச் சீரிசைகளையும் ஒரே தாளத்தில் கட்டிவிடுகின்றன. அவை சரியான மடங்குகளாகவே ஒலிக்கின்றன. விரலால் தொட்டு ஒரு சீரிசையைத் தனியே பிரித்தால் அது தன் இயல்புக்குத் திரும்பி இம்மியளவு ஏறும். வில்லின் அருமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

ஒலியிலிருந்து ஒளிக்கு

1917இல் இராமன் சம்பளம் குறையும் என்று தெரிந்தும் அரசுப் பணியை விட்டு, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். 1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குச் சென்றபோது இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் முணுமுணுப்பு மாடத்தில் நின்று ஒலியை ஆராய்ந்தார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர் துணையோடு, சிதறிய ஒளியில் புதிய நிறங்கள் இருப்பதைக் கண்டார். நிறத்தின் அதிர்வெண் மாறிய அளவு, மூலக்கூறு தானே அதிரும் அதிர்வெண்ணுக்குச் சமம். நாணின் அதிர்வைக் கேட்டவர் மூலக்கூற்றின் அதிர்வையும் கண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1930இல் நோபல் பரிசு வந்தது. 1933இல் பெங்களூர் சென்றார். 1934இல் இந்திய அறிவியல் அகாதமியையும், 1948இல் தம் பெயரால் ஆய்வு நிலையத்தையும் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார்.

மறைக்கக் கூடாத ஒன்று

பெரியோரைப் போற்றும்போது குறைகளை மறைப்பது நம் வழக்கம். ஒரு மாணவியாக இதை மறைத்து எழுத என் மனம் ஒப்பவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்டு வந்த கமலா பகவத் என்னும் மாணவியை, பெண் என்பதற்காக இராமன் மறுத்தார். அவர் விடாமல் வாதாடவே, நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். ஓராண்டில் அவர் உழைப்பைக் கண்டு மனம் மாறினார். பின்வந்த பெண்களுக்கும் கதவு திறந்தது. பிற்காலத்தில் அன்னா மாணி அவர் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். ஆனால் அவருக்கும் முனைவர் பட்டம் கிட்டவில்லை. முதுகலை இல்லை என்பது காரணம். மேதைக்கும் காது கேளாத ஒரு சுரம் உண்டு போலும்.

என் நிலை

இதை நான் ஏன் எழுதுகிறேன்? வீட்டில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. படித்தது போதும், அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போ என்பது அத்தையின் கருத்து. அப்பா எதுவும் சொல்வதில்லை. அவருக்கு இடுப்பு வலி கூடியிருப்பதே எனக்குச் சொல்லிவிடுகிறது. எனக்கோ முதுகலை படிக்க ஆசை. இராமன் வேலையும் பார்த்துக்கொண்டு ஆய்வும் செய்தாரே என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு யோசித்தேன். அவர் வீட்டில் தந்தையின் புத்தகங்கள் இருந்தன. மாலையில் திரும்பினால் சமைத்து வைக்க ஆள் இருந்தது. என் வீட்டில் நான் திரும்பினால்தான் அடுப்பு எரியும். இரண்டு நாண்களும் ஒரே சுருதியில் இல்லை.

ஆயினும் அந்தக் கதவைத் திறந்த ஆசுதோஷ் தேயை என்னால் மறக்க முடியவில்லை. அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இராமனின் கருவிகளை அமைத்தவர். அவரோடு சேர்ந்து கட்டுரைகளில் தம் பெயரும் அச்சேறக் கண்டவர். இராமனாக முடியாவிட்டாலும் அந்தக் கூடத்தில் நிற்க ஓர் இடம் உண்டு.

தேர்வாணையத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறேன். எது முதலில் வருமோ தெரியாது. வேலை வந்தால் போவேன். போனாலும் மாலையில் படிப்பேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தலையசைத்தார். சென்ற ஞாயிறு மாமியிடம் சென்று, தொட்டால் ஒன்று அழுத்தினால் ஒன்று ஏன் என்பதை விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார், பின்பு வயலினை என் கையில் கொடுத்து ஏழாம் சீரிசையைக் காட்டச் சொன்னார். தேடிப் பிடிக்க நெடுநேரம் ஆயிற்று. அபசுரம் என்று முகம் சுளித்தார். மீண்டும் ஒரு முறை வாசிக்கச் சொன்னார்.

நண்பர்களே, நம் ஆய்வக அலமாரியில் சுரமானி இருக்கிறது. கோழியிறகு நான் தருகிறேன். ஒரு நாள் வந்து தொட்டுப் பாருங்கள்.